பட்டியலில் காலியாகக் கிடக்கும் கட்டம்: சென்னை சபா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபா செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

மார்கழி மாதக் கச்சேரி சீசனுக்கான பட்டியலை நீங்கள் எப்படிப் போடுகிறீர்கள் என்று பல வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். யார் பாடுகிறார், எந்தத் தேதி, எத்தனை மணி ஸ்லாட் என்று முதல் மூன்று கட்டங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அடுத்து வயலின் என்று தலைப்புப் போட்ட கட்டம். அது ரொம்ப நாள் காலியாகவே கிடக்கும். "பாடறவரே யாரையாவது கூட்டிண்டு வந்துடுவார்" என்று ஒருவர் சொல்வார், கூட்டம் முடிந்துவிடும். அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் 31 வருஷமாக மேடையில் வயலின் வாசிக்கும் பெண். பெரும்பாலும் பக்கவாத்தியம், அதாவது பாடுபவருக்குத் துணையாக வாசிப்பது. எப்போதாவது தனிக் கச்சேரி, அதுவும் மதியம் 12 மணிக்கு. என் பெயர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இது என் ஒருத்தியின் வழக்கு ஆகிவிடக் கூடாது என்பதால் பெயரைப் போடவில்லை.

என் குருவை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் காலமானதற்கு அப்புறம் அவர் மனைவி, மாமி, என்னைக் கூப்பிட்டு ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே 6 நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு வரி எழுதியிருந்தார் சார். தேதி, ஊர், பாடியவர் பெயர், எத்தனை கட்டை சுருதி (பாடுபவரின் குரல் உயரம்), மெயின் ராகம், கடைசியில் தொகை. தொகை கைக்கு வந்திருந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். சில வரிகளில் தொகை இருக்க வேண்டிய இடத்தில் "வேஷ்டி, பழம்" என்று இருந்தது. இன்னும் சில வரிகளில் "அப்புறம்" என்று மட்டும் இருந்தது. அந்த வரிகளில் டிக்கைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை.

சார் ஒருநாளும் யாரைப் பற்றியும் குறை சொன்னதில்லை. அதனாலேயே அந்த "அப்புறம்" என்னை என்னவோ செய்தது. எவ்வளவு என்று அவர் கேட்டிருக்க மாட்டார். கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. பொய் சொல்வானேன், இன்றைக்கும் இருக்கிறது.

இந்த வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் வந்ததே இந்தச் சென்னையில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைப் பக்கத்து மணலியில் இருந்த காலத்தில், அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர்களிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குப் பொருத்தினார். முத்துசுவாமி தீட்சிதரின் சீடரான வடிவேலு, தஞ்சை நால்வர் எனப்படும் இசை, நாட்டியச் சகோதரர்களில் ஒருவர், திருவனந்தபுரம் அரசவைக்குப் போய் வாசித்தார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அரண்மனையில் வயலின்காரருக்கு அப்படி ஒரு மரியாதை. ஏறக்குறைய 200 வருஷத்துக்கு அப்புறம், அதே வாத்தியம் முதலில் வந்து இறங்கிய ஊரில், போஸ்டரில் எங்கள் பெயரைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த மேடையில் வயலின் வாசித்தவர் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி. நம் சபாக்களில் வருஷக் கணக்காக முன்வரிசையில் உட்காரும் ரசிகர்களிடம் அன்று வயலின் யார் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் குறைவு.

நாங்கள் மேடையில் என்ன செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சங்கீதம் தெரிந்த உங்களுக்கே சொல்கிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். கணக்குப் பார்க்கும் நேரத்தில் இது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

ஒத்திகை கிடையாது. பாடகர் என்ன பாடப் போகிறார் என்பது பல சமயம் அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் அவர் ஒரு பிடி பிடித்தால், அது முடிவதற்குள் என் வில் அதைத் தொட்டிருக்க வேண்டும். முந்திவிடக் கூடாது, ரொம்பப் பின்தங்கவும் கூடாது. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ராகம் அறுந்துபோகாமல் ஒரு இழை நிற்க வேண்டும். அந்த இழை நான். அவர் 15 நிமிஷம் தோடி ராகம் பாடியபின் எனக்கு 5 நிமிஷம் கிடைக்கும். அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் சோம்பேறித்தனம். அவர் தொடாத இடத்துக்குப் போய்விட்டால் அதிகப்பிரசங்கித்தனம். அந்த 5 நிமிஷத்துக்குள் அவர் கட்டியதைக் கலைக்காமல் என் தோடியையும் காட்ட வேண்டும். அப்புறம் கல்பனாஸ்வரம், அதாவது ஸ்வரங்களைக் கோத்துப் பாடுவது. அவர் வீட்டில் பத்து நாள் போட்டுப் பார்த்த கணக்கை மேடையில் விடுவார். அடுத்த தாளம் விழுவதற்குள் அதே அளவில் நான் பதில் சொல்ல வேண்டும். ஒரே வரியை வைத்து விரிக்கும் பல்லவி என்றால் கேட்கவே வேண்டாம். சாகித்யம் (சொற்கள்), எடுப்பு (தாளத்தில் தொடங்கும் இடம்), நடை (தாளத்தின் உட்கணக்கு) மூன்றையும் ஒரே தடவை காதில் வாங்கிக்கொண்டு அப்படியே வாசிக்க வேண்டும்.

ஊரில் எல்லோரும் "அடக்கி வாசி" என்கிறார்கள். வாத்தியக்காரர்களிடமிருந்து ஊருக்குப் போன சொல் அது. அடக்கி வாசிப்பதற்கு எவ்வளவு கற்றிருக்க வேண்டும் என்பது வாசிப்பவருக்குத்தான் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயந்திரக் கச்சேரி. வெளியே மழை ஈரம், உள்ளே ஏசி குளிர். இந்த இரண்டும் சேர்ந்தால் பிருடை (தந்தியை முறுக்கும் முளை) நழுவும், தந்தி இறங்கும், ஏறும். கல்யாணி ராகத்தில் நிரவல், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது, நடந்துகொண்டிருந்தது. என் மேல் பஞ்சமத் தந்தி பட்டென்று அறுந்தது. சுருண்டு வந்து விரலில் அடித்தது. மாற்றுவதற்கு அவகாசம் இல்லை. சட்ஜத் தந்தியிலேயே கையை மேலே ஏற்றி, தாரஸ்தாயி காந்தாரம் வரைக்கும் அதிலேயே போய் வந்தேன். பாடகி அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சுற்று நிரவலைக் கீழ்ஸ்தாயியிலேயே சுற்றிச் சுற்றிப் பாடினார், எனக்காக. மிருதங்கக்காரர் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது புதுத் தந்தி போட்டேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

மறுவாரம் ஒரு விமர்சனம் வந்தது. கல்யாணியைப் பற்றி இரண்டு பத்தி. கடைசியில், "வயலின் அனுசரணையாக அமைந்தது." மூன்று சொல். விமர்சனம் எழுதுவது உங்கள் வேலை இல்லை, தெரியும். ஆனால் உங்கள் அழைப்பிதழில் நாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோமோ, அந்த இடத்தில்தான் மற்றவர்களும் எங்களை வைக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி அலுவலக அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றேன். கவர் கொடுக்க வேண்டியவர் கேண்டீனில் இருந்தார். எந்த சபா என்று சொல்லப் போவதில்லை. எத்தனையோ இடங்களில் நடந்திருக்கிறது. எவ்வளவு என்று முன்கூட்டி யாரும் சொன்னதில்லை. கவரை வீட்டில் போய்ப் பிரித்தேன். ஒரு செட் தந்தியும் போக வர ஆட்டோவும் கழித்தால் மிச்சம் இருந்தது சொல்லும்படி இல்லை. பாடகிக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவருக்குக் கூட்டம் வருகிறது, அவருக்கு அதிகம் கொடுப்பது நியாயம். எனக்கு எவ்வளவு என்பதை எனக்கு முதலிலேயே சொல்லுங்கள் என்பதுதான் நான் கேட்பது. தச்சருக்கும் சமையல்காரருக்கும் நாம் அதைச் செய்கிறோம்.

வயலின் வித்வான் சவுடய்யாவை நினைத்துக்கொள்கிறேன். மைக் இல்லாத காலம். செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பாடகர்களின் வெண்கலக் குரலுக்குப் பக்கத்தில் நாலு தந்தி வயலின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்காக ஏழு தந்தி வயலினையே உருவாக்கிக்கொண்டார் அந்த மனிதர். இன்றைக்கு பெங்களூரில் அவர் பெயரில் வயலின் வடிவத்திலேயே ஒரு அரங்கம் நிற்கிறது. கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று ஒரு வித்வான் வாத்தியத்தையே மாற்றினார். இப்போது மைக் இருக்கிறது, மானிட்டர் இருக்கிறது, மிக்ஸரில் ஆளும் இருக்கிறார். ஆனாலும் வயலின் மைக்கைச் சரிபார்ப்பது கடைசி வேலை. பாடகர் "ஹலோ ஹலோ" சொல்லி முடித்ததும் திரை விலகிவிடுகிறது. என் வாத்தியம் சபைக்குக் கேட்கிறதா என்று எனக்கே தெரியாமல் முதல் வர்ணம் போய்விடும். திரை விலகுவதற்கு முன் வயலினுக்கென்று 10 நிமிஷம் ஒதுக்குங்கள். காசு செலவில்லாத காரியம் இது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு 28 வயது இருக்கும்போது ஒரு சபாவிலிருந்து தேதி கேட்டார்கள். சரி என்றேன். நாலு நாள் கழித்துத் திரும்ப போன். "தப்பா எடுத்துக்காதேம்மா. அவருக்கு லேடீஸ் வயலின் செட் ஆகாதாம்." அந்தப் பாடகர் என் வாசிப்பைக் கேட்டதே இல்லை. சாரிடம் போய் அழுதேன். சார் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாத்தியத்தை எடு, தோடி வாசி" என்றார். வாசித்தேன். அந்த போனைப் பற்றி அப்புறம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

டி. ருக்மிணி அம்மா, கன்யாகுமரி அம்மா போன்ற வயலின் கலைஞர்கள் இதே சுவர்களைத் தாண்டி வந்தார்கள். பாடகி எம்.எல். வசந்தகுமாரி அம்மாவுக்கு வருஷக் கணக்காக வாசித்தவர் கன்யாகுமரி. மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-இல். வயலின் வாசிக்கும் ஒரு பெண் அங்கே சங்கீத கலாநிதி விருது பெற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கன்யாகுமரி அம்மாதான். செய்தி வந்த அன்று நான் சாமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அவருடைய பழைய ஒலிப்பதிவுகளை மதியம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று நிலைமை முன்பு மாதிரி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னும் சில பட்டியல்களில் பாடுபவர் பெண் என்றால் வயலினும் பெண், பாடுபவர் ஆண் என்றால் வயலினும் ஆண். சுருதியைக் காரணம் சொல்கிறார்கள். ஆண் குரலின் ஒரு கட்டைக்கு ஒரு வயலின், பெண் குரலின் ஐந்து, ஐந்தரைக் கட்டைக்கு வேறு கனத்தில் தந்தி போட்ட இன்னொரு வயலின் என்று நாங்களே இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம். ஆண் வயலின்காரர்களும் அப்படித்தான். எனவே சுருதி காரணம் ஆகாது. "அவருக்கு ஆகாதாம்" என்று ஒருவர் சொன்னால், "எங்கள் மேடையில் அந்த நிபந்தனை கிடையாது" என்று பதில் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் மட்டும்தான். நாங்கள் சொல்ல முடியாது.

தனிக் கச்சேரி பற்றியும் கொஞ்சம். துவாரம் வெங்கடசுவாமி நாயுடு தனி வயலின் கச்சேரிக்கு ஒரு மதிப்பை உண்டாக்கிவிட்டுப் போனார். அப்புறம் லால்குடி ஜெயராமன், எம்.எஸ்.ஜி. என்ற எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என்.கே. என்ற டி.என். கிருஷ்ணன் மூவரும் வயலினைக் கேட்பதற்கென்றே அரங்கம் நிறைய வைத்தார்கள். மூவரும் வாழ்க்கையில் பாதியைப் பெரிய பாடகர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தவர்கள்தான். அங்கே கற்றதைத்தான் தனியாக வாசித்தார்கள். 2013 ஜனவரியில் எம்.எஸ்.ஜி. போனார், ஏப்ரலில் லால்குடி போனார். நவம்பர் 2020-இல் டி.என். கிருஷ்ணனும் போய்விட்டார். "இனிமேல் அந்த மாதிரி வயலின் ஏது" என்று அஞ்சலிக் கூட்டங்களில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அடுத்த சீசன் பட்டியல் வந்தபோது, சாயந்திர ஸ்லாட்டுகளில் தனி வயலின் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதற்கு ஒரு கைவிரல்கள் முழுதும் தேவைப்படவில்லை.

கூட்டம் வராது என்பீர்கள். மதியம் 12 மணிக்கு யாருக்குத்தான் கூட்டம் வரும்? முப்பது வருஷம் பக்கவாத்தியம் வாசித்த ஒருவருக்குள் எத்தனை பாடகர்களின் பைரவி ராகம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் அந்த ராகத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தார்கள் என்று அவருக்கு விரல் நுனியில் தெரியும். ஒரு சாயந்திரம் இரண்டரை மணி நேரம் அவரிடம் கொடுத்தால் அதெல்லாம் வெளியே வரும். சீசனுக்கு ஒரு சாயந்திரம், ஒரு சபாவுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கச்சேரிகளை வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறீர்கள், நல்லது. என் அம்மா படுக்கையில் இருந்தபடியே கச்சேரி கேட்டார், அதற்கு நன்றி. ஆனால் தலைப்பில் பாடகர் பெயர் மட்டும் இருக்கிறது. கீழே விவரத்தைத் திறந்து பார்த்தால் சில சமயம் நாங்கள் இருப்போம், சில சமயம் இருக்க மாட்டோம். என்னிடம் ஒரு முறைகூட யாரும் அனுமதி கேட்டதில்லை. டிக்கெட் வைத்துக் காட்டும் வீடியோவில் எனக்குப் பங்கு உண்டா இல்லையா என்று ஒரு காகிதத்திலும் கையெழுத்து வாங்கியதில்லை. இரண்டரை மணி நேரமும் அந்த வீடியோ சட்டகத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வலது கணுக்காலில் ஒரு கருப்புத் தழும்பு இருக்கிறது. வயலினின் சுருள் தலை வந்து அமரும் இடம். சாரின் காலிலும் அதே இடத்தில் இருந்தது, என்னுடையதைவிடப் பெரிதாக. கடைசி நாட்களில் அவருக்குக் கால் அமுக்கிவிடும்போது விரலால் தடவிப் பார்ப்பேன், கல் மாதிரி இருக்கும். இடது கை விரல் நுனிகளில் காய்ப்பு, கழுத்து எலும்புத் தேய்மானம், வில் பிடித்த தோளில் வலி. இதெல்லாம் எங்கள் தொழிலோடு வருவது, அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. ரயிலில் எல்லோரும் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்குவார்கள். நாங்கள் வயலின் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, யாராவது அதன்மேல் சூட்கேஸைச் சாய்த்துவிடுவார்களோ என்று அரைத் தூக்கத்தில் போவோம். சந்தோஷமாகத்தான் போவோம். ஒரு நல்ல பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நினைத்ததை அவர் பாடுவதற்கு ஒரு கணம் முன்பே கை உணர்ந்துகொள்ளும் அந்த இடம் இருக்கிறதே, அதற்காக எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் அரைத் தூக்கத்தில் போகலாம்.

எனவே அந்தக் கட்டத்தைப் பாடகரின் பெயர் எழுதும் அன்றைக்கே நிரப்புங்கள். வயலின் வாசிப்பவரிடம் உங்கள் அலுவலகத்திலிருந்தே நேராகப் பேசுங்கள். தேதி, சுருதி, தொகை, வீடியோ உண்டா என்ற நாலு விவரமும் ஒரு மின்னஞ்சலில், இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலாவது வரட்டும். பாடகரின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் வயலின், மிருதங்கம், கடம் எல்லோருடைய பெயரும் இருக்கட்டும். பேனரில் இடம் போதாது என்றால் ஸ்பான்சர்களின் வரிசையைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

என்னிடம் கற்கும் பெண் ஒருத்தி இந்த சீசனில் முதல் தடவையாகப் பக்கவாத்தியம் வாசிக்கப் போகிறாள். அவளுக்கு 19 வயது. சாரின் நோட்டு மாதிரியே ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் தானே கோடு போட்டு தேதி, ஊர், பாடுபவர், சுருதி, ராகம், தொகை என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறாள். பாடப் போகிறவர் யார் என்று தெரிந்துவிட்டது, அதை எழுதிவிட்டாள். தொகை என்ற கட்டத்தைக் காட்டி, "இதுல என்ன மிஸ் எழுதறது?" என்று கேட்டாள். சபாவிலிருந்து போன் வரும், காத்திரு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேடைகளில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயலின் கலைஞர்